ஆறடிக்கு மேல் ஓர் ஆள்

கல்லூரி திறந்த முதல் வாரத்தில் கூடைப்பந்து அணிக்குத் தேர்வு என்று அறிவிப்புப் பலகையில் எழுதிப் போட்டால் என்ன நடக்கும் என்பது போடிநாயக்கனூர் பக்கத்து உடற்கல்வி இயக்குநர்களுக்குத் தெரிந்த கதைதான். ஐந்தடி ஆறு, ஐந்தடி ஏழு அங்குலத்தில் சுறுசுறுப்பான பையன்கள் கூட்டமாக வருவார்கள். பந்தைத் தட்டிக்கொண்டு மின்னலாக ஓடுவார்கள், தூரத்திலிருந்து குறி பார்த்து எறிவார்கள். வளையத்துக்கு அடியில் நின்று ரீபவுண்ட் எடுக்க மட்டும் ஒருவனும் இருக்கமாட்டான். இந்திய ஆண்களின் சராசரி உயரம் 166 செ.மீ.யை ஒட்டியது. வளையம் தொங்குவது 3.05 மீட்டரில்.

தேசிய அணிக்கு ஆறடி எட்டு, ஆறடி பத்து அங்குலத்தில் சென்டர் தேவைப்படலாம். பல்கலைக்கழகத்துக்குள் கல்லூரிகள் மோதும் போட்டிக்கு அவ்வளவு வேண்டாம். ஆறடி இரண்டு அங்குல உயரமும் நீண்ட கையும் உள்ள ஒருவன், ஆட்டம் புரிந்துவிட்டால், இந்தப் பக்கத்துக் கல்லூரி அணிகள் பலவற்றை ஒற்றை ஆளாகத் திணறடித்துவிடுவான். அப்படிப்பட்டவர்கள் சிலமலையிலும் ராசிங்காபுரத்திலும் தேவாரத்திலும் இல்லாமலில்லை. அவர்கள் கூடைப்பந்து ஆடுவதில்லை, அவ்வளவுதான். கிராமத்துப் பள்ளியில் ஒரு வளையம்கூட இல்லாதபோது எங்கிருந்து ஆடுவார்கள்? ஆகவே உயரமானவனைத் தேர்வுக்கு வரச்சொல்லிக் காத்திருப்பதில் பயனில்லை. அவன் வேறு எங்கோ, வேறு எதையோ செய்துகொண்டிருப்பான். போய்த்தான் அழைத்துவர வேண்டும்.

இது போடிக்கு மட்டும் உரிய குறை இல்லை. அமிர்தசரஸ் பக்கம் பத்துவால் கிராமத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்த அம்ரித்பால் சிங், பதினெட்டு வயது வரை ஆடியது கபடி. அதற்குப் பிறகுதான் லூதியானா அகாடமிக்குப் போய்ப் பந்தைப் பிடித்தார். ஆறடி பதினொரு அங்குல உயரத்தில் இந்திய அணியின் சென்டராக வளர்ந்து, 2017-இல் ஆஸ்திரேலியத் தொழில்முறை லீக்கில் சிட்னி கிங்ஸ் அணியில் ஒப்பந்தமானார். கேமரூன் நாட்டு ஜோயல் எம்பீட் பதினைந்து வயதுவரை வாலிபால் கனவில் இருந்தவர். 2011-இல் தன் நாட்டுக்காரரான லுக் இம்பா அ மூட்டே நடத்திய முகாமில் கண்ணில் பட்டு அமெரிக்கா போனார். கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஓராண்டு ஆடிவிட்டு, அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்.பி.ஏ.வின் 2014 வீரர் தேர்வில் மூன்றாவது ஆளாக எடுக்கப்பட்டார். நைஜீரியாவின் லாகோஸில் ஹேண்ட்பாலும் கால்பந்தும் ஆடிக்கொண்டிருந்த ஹக்கீம் ஒலாஜுவான் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்துக்கு வந்து, 1982, 83, 84 என்று மூன்று ஆண்டுகள் தொடர்ந்து அந்த அணியைத் தேசியப் போட்டியின் கடைசி நான்கு இடங்களுக்குள் கொண்டுபோனார். மூவரும் தாமதமாகத்தான் கூடைப்பந்துக்கு வந்தார்கள். உயரத்தைச் சொல்லிக்கொடுக்க முடியாது, மற்றதைச் சொல்லிக்கொடுத்துக்கொள்ளலாம் என்ற துணிச்சல் கூட்டிவந்தவர்களிடம் இருந்தது.

சரி, எங்கே தேடுவது?

முதல் இடம் கபடிக் களம். பொங்கலை ஒட்டியும் கோயில் திருவிழாக்களிலும் இந்த வட்டாரத்தில் நடக்கும் கபடி ஆட்டங்களுக்கு ஒரு நோட்டுப் புத்தகத்தோடு போய் உட்கார வேண்டும். குள்ளமான ரைடர்களை ரசித்துவிட்டு, இரு முனைகளிலும் நிற்கும் கார்னர் ஆட்களைக் கவனிக்க வேண்டும். எதிராளி உரசும்போது பின்வாங்காமல் உடம்பைக் கொடுக்கிறவன்தான் பின்னால் வளையத்தின் அடியில் இடம் பிடிப்பான். கபடிக்காரனுக்கு உடம்பு உரசும் கூச்சம் ஏற்கெனவே போயிருக்கும். இரண்டாவது இடம் சாயங்கால வாலிபால் திடல். வாலிபாலில் தடுப்புக்கு எழும்புகிறவனுக்குக் குதிக்கும் நேரம் கைவந்திருக்கும். ஆனால் வாலிபால் பயிற்சியாளரும் அவன்மேல் கண் வைத்திருப்பார், அவரிடம் சொல்லாமல் பையனைத் தூக்குவது ஊர்ச்சண்டையில் முடியும். முதலில் அவரோடு ஒரு டீ குடிப்பது நல்லது.

மூன்றாவது இடத்தைப் பலர் யோசிப்பதில்லை. போலீஸ், ராணுவத் தேர்வுக்காக விடியற்காலையில் மைதானத்தைச் சுற்றி ஓடும் இளைஞர் கூட்டம் தேனி மாவட்டத்தில் எந்த ஊரிலும் உண்டு. இரண்டாம் நிலைக் காவலர் பணிக்குப் பொதுப்பிரிவிலும் பிற்படுத்தப்பட்ட பிரிவுகளிலும் ஆண்களுக்குக் குறைந்தபட்ச உயரம் 170 செ.மீ. என்பதால், அங்கே ஓடுகிறவர்கள் ஏற்கெனவே ஒரு சல்லடையில் சலித்து நின்றவர்கள். உயரம் தாண்டுவதும் நீளம் தாண்டுவதும் கயிறு ஏறுவதும் அவர்களுக்குத் தினசரி வேலை. காவலர் தேர்வில் விளையாட்டு வீரர்களுக்குத் தனி ஒதுக்கீடு இருக்கிறது என்ற செய்தி அவர்களில் பாதிப் பேருக்காவது புதிதாக இருக்கும். அந்த ஒரு வாக்கியமே பேச்சைத் தொடங்கப் போதும்.

இவை தவிர ஊருக்குள் தகவல் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். பேன்ட் தைக்கும் தையல்காரருக்கு யாருடைய கால் சட்டென்று நீண்டது என்பது தெரியும். போடிமெட்டு ஏறும் தோட்ட ஜீப் ஓட்டுநருக்கு, முன் சீட்டில் முட்டியை மடக்க முடியாமல் திண்டாடும் பையன் யாரென்று தெரியும். மேல்நிலைப் பள்ளி பி.டி. மாஸ்டருக்கு இருவரையும்விட அதிகம் தெரியும், அவரைக் கேட்காமல் போனால் கோபமும் வரும்.

ஆளைக் கண்டதும் அளந்துவிட வேண்டும். "ஆறடி இருப்பான் சார்" என்று ஊரில் சொல்கிறவனை வெறுங்காலோடு சுவரில் நிறுத்தினால் ஐந்தடி பத்தரை வருவது சகஜம். காலையில் அளந்ததற்கும் மாலையில் அளந்ததற்கும் ஒரு செ.மீ. அல்லது அதற்கு மேலும் வித்தியாசம் வரும், ஆகவே எல்லோரையும் ஒரே நேரத்தில் அளப்பதே முறை. உயரத்தைவிட முக்கியமானது, நின்றபடி ஒரு கையை முழுக்கத் தூக்கினால் விரல் நுனி எட்டும் உயரம். ஆட்டத்தில் பந்தைத் தொடுவது உச்சந்தலை இல்லை, விரல் நுனிதான். கழுத்து நீண்ட ஆறடி மூன்றைவிடத் தோள் உயர்ந்த ஆறடி ஒன்று அதிகம் எட்டும். பிறகு கைகளை விரித்து நுனிக்கு நுனி அளவு. அதற்குப் பிறகு சுண்ணக்கட்டித் தூளை விரலில் தடவிக்கொண்டு குதிக்கச் சொல்லி, சுவரில் விழும் தடம். நின்ற தடத்துக்கும் குதித்த தடத்துக்கும் உள்ள இடைவெளியைக் குறித்துக்கொள்ள வேண்டும். இது பயிற்சியில் கூடும் எண், முதல் நாளில் குறைவாக இருந்தால் முகம் சுளிக்க வேண்டியதில்லை.

பதினாறு பதினேழு வயதுப் பையனாக இருந்தால், இன்னும் வளர்வானா என்ற கேள்வி வரும். மருத்துவர்கள் பயன்படுத்தும் எளிய கணக்கு ஒன்று உண்டு. தகப்பன் உயரத்தையும் தாயின் உயரத்தையும் செ.மீ.யில் கூட்டி, அதோடு 13 சேர்த்து, பாதியாக்கினால் ஆண்பிள்ளை எட்டக்கூடிய உயரம் தோராயமாக வரும். மேலும் கீழும் எட்டு முதல் பத்து செ.மீ. வரை மாறலாம் என்பதால் இது ஜோசியத்தைவிடக் கொஞ்சம் மேல், அவ்வளவே. ஆனால் இந்தக் கணக்கு ஒரு பாடத்தைச் சொல்கிறது: வீட்டுக்குப் போனால் அப்பாவை மட்டும் பார்க்கக்கூடாது. நெடுநெடுவென்று நிற்கும் அம்மா, ஆறடி தாய்மாமன் ஆகியோரும் கணக்கில் உண்டு. பஞ்சாபின் பல்லோ கே கிராமத்திலிருந்து வந்து 2015 என்.பி.ஏ. தேர்வில் டல்லாஸ் மேவரிக்ஸ் அணியால் 52-ஆவது ஆளாகத் தேர்வான சத்னாம் சிங் ஏழடி இரண்டு அங்குலம். அவருடைய தகப்பன் பல்பீர் சிங்கும் ஏழடியைத் தாண்டியவர். தகப்பனுக்கும் ஒரு காலத்தில் விளையாட வாய்ப்பு வந்தது. வயலையும் மாவு மில்லையும் விட்டுப் போக வீட்டில் விடவில்லை.

அளவெடுக்கும்போதே இன்னொன்றையும் பார்த்துவிட வேண்டும். கைவிரிப்பு உயரத்தைவிட நீண்டிருந்தால் பயிற்சியாளருக்கு வாயெல்லாம் பல். அதே அளவு, உயரத்தைவிட ஐந்து சதவீதத்துக்கு மேல் நீண்டிருந்தால், மருத்துவருக்கு எச்சரிக்கை. மார்ஃபன் நோய்க்குறி என்பது உடலின் இணைப்புத் திசுவைப் பாதிக்கும் பரம்பரைக் குறை. ஒல்லியான உயரமான உடல், நீண்ட விரல்கள், குழிந்த அல்லது புடைத்த மார்பு, கண் குறை ஆகியவை வெளியே தெரியும். இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனி விரிந்து பலவீனப்படுவது வெளியே தெரியாது. அமெரிக்க வாலிபால் நட்சத்திரம் ஃப்ளோ ஹைமன் 1986-இல் ஜப்பானில் ஆட்டத்தின் நடுவே சரிந்து இறந்தது இதனால்தான். பெய்லர் பல்கலைக்கழகத்தின் ஏழடி ஒரு அங்குல ஐசையா ஆஸ்டினுக்கு 2014-இல் என்.பி.ஏ. தேர்வுக்குச் சில நாள் முன்பு இது கண்டுபிடிக்கப்பட்டதால் உயிர் தப்பியது. கட்டைவிரலை மடக்கி முஷ்டி பிடிக்கும்போது விரல் நுனி மறுபக்கம் நீட்டிக்கொண்டிருந்தாலோ, ஒரு கையின் கட்டைவிரலும் சுண்டுவிரலும் மறுகை மணிக்கட்டைச் சுற்றி ஒன்றன்மேல் ஒன்று நன்றாக ஏறினாலோ, பையனை மைதானத்துக்கு அனுப்பும் முன் க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப்போய்க் காட்ட வேண்டும். இந்தக் குறிகள் இருக்கிறவர்கள் எல்லோரும் நோயாளிகள் அல்ல. எக்கோவும் மருத்துவரின் முழுப் பரிசோதனையும்தான் முடிவு சொல்லும். அளவுக்கு மீறிய வேகத்தில் வளர்ந்துகொண்டே போகிறவனுக்குப் பிட்யூட்டரி சுரப்பியையும் பார்க்கச் சொல்வது வழக்கம்.

இனி வீடு. சிலமலைப் பக்கத்தில் பல குடும்பங்களுக்கு ஏலத்தோட்ட வேலைதான் வாழ்வு. விடிவதற்கு முன் ஜீப்பில் மலையேறி, பொழுது சாயும்போது இறங்குகிறார்கள். பகல் பதினோரு மணிக்குச் சட்டையை இன் பண்ணிக்கொண்டு போய் நின்றால் பூட்டிய கதவைத்தான் பார்க்கலாம். ஏலக்காய்ப் பறிப்பு மும்முரமாக இருக்கும் மாதங்களில் ஞாயிறு மாலையோ, இரவு ஏழரை மணிக்கு மேலோ போவதே மரியாதை. தனியாகப் போவதைவிடப் பள்ளி பி.டி. மாஸ்டரையும் கூட்டிக்கொண்டு போனால் பேச்சு எளிதாகும்.

பேசும்போது தகப்பனிடம் ஆட்டத்தின் பெருமையைச் சொல்வது வீண். "வெளையாண்டு என்னங்க சார் ஆகப்போகுது? கூட ஒரு ஆளு மலைக்கு வந்தா சம்பளமாச்சும் கெடைக்கும்" என்று அம்மா கேட்பது நியாயமான கேள்வி. அதற்கு நேர்மையான பதில் இருக்கிறது: "அம்மா, இவன் பெரிய ஆட்டக்காரனா வருவான்னு நான் சத்தியம் பண்ண முடியாது. ஆனா மூணு வருசத்துல டிகிரி வாங்குவான். ஃபீஸு, சாப்பாடு இவ்வளவு கல்லூரி பாத்துக்கும், மிச்சம் இவ்வளவு நீங்க பாக்கணும்." தொகையை வாய்ச்சொல்லாக விடாமல் கல்லூரித் தாளில் எழுதி, முதல்வரின் கையெழுத்தோடு கொடுத்துவிட வேண்டும். முதலாண்டு இலவசம் என்று அழைத்துவந்து, காயம்பட்டதும் இரண்டாம் ஆண்டில் முழுக் கட்டணம் கேட்ட கல்லூரிகளின் கதை ஊர் ஊராக நடந்துபோகிறது. அதற்குப் பிறகு அந்தத் தெருவில் இருந்து ஒரு பையனும் வரமாட்டான். அசல் சான்றிதழ்களை வாங்கிப் பூட்டி வைத்துக்கொள்வதும் அதே ரகம். அப்படிச் செய்யக்கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவும் அறிவித்திருக்கிறது.

வாயால் சொல்வதைவிடக் கண்ணால் காட்டுவது மேல். அதற்கு இந்த மாவட்டத்தில் ஓர் அருமையான வசதி இருக்கிறது. பெரியகுளத்தில் சில்வர் ஜூபிலி ஸ்போர்ட்ஸ் கிளப் அரை நூற்றாண்டுக்கும் மேலாக அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டி நடத்திவருகிறது. மே மாதத்தில், பிளஸ் டூ முடிவு வந்து கல்லூரி தேடும் அதே நாட்களில் அது நடக்கும். ராணுவம், கடற்படை, வங்கி அணிகள் வரும். பையனையும் தகப்பனையும் ஒரு சாயங்காலம் அங்கே கூட்டிப்போய், வளையத்துக்கு அடியில் நிற்கும் நெட்டை ஆட்களைக் காட்டி, "இவரு பேங்க்ல வேலை பாக்குறாரு, அவரு நேவி" என்று சொன்னால் போதும். இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, இந்தியன் வங்கி, ரயில்வே, சுங்கத் துறை, காவல்துறை என்று ஆள் எடுக்கிற இடங்களில் எல்லாம் உயரமானவனுக்குப் போட்டி குறைவு. குஜராத்திலிருந்து ரிக்கின் பேத்தானி இங்கே வந்து ஐ.ஓ.பி.க்கும் தமிழ்நாட்டு அணிக்கும் ஆடினார் என்பதிலிருந்தே உள்ளூரில் பெரிய ஆட்களுக்கு எவ்வளவு பஞ்சம் என்பது விளங்கும்.

சேர்க்கையில் ஒரு சிக்கல் உண்டு, அனுபவமில்லாத பயிற்சியாளர்கள் இதில்தான் இடறுகிறார்கள். விளையாட்டு ஒதுக்கீடு என்பது சான்றிதழ் உள்ளவனுக்கு. அரசு கலைக் கல்லூரிகளில் மூன்று சதவீத ஒதுக்கீடு உண்டு, பொதுக் கலந்தாய்வுக்கு முன்பே சிறப்புப் பிரிவுக் கலந்தாய்வு முடிந்துவிடும். பொறியியல் சேர்க்கையிலும் விளையாட்டு வீரர்களுக்கெனத் தனி இடங்கள் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் ஆடிய போட்டியின் சான்றிதழைக் காட்டியாக வேண்டும். கபடிக் களத்திலிருந்து பிடித்துவந்த பையனிடம் கோயில் கமிட்டி கொடுத்த பித்தளைக் கோப்பைதான் இருக்கும். அவன் மதிப்பெண் வழியாகத்தான் உள்ளே வர முடியும். ஆகவே பிளஸ் டூ படிக்கும்போதே அவனைக் கண்டுபிடித்து, எந்தப் பாடப்பிரிவில் இடம் காலியாக நிற்கும் என்று பார்த்து, விண்ணப்பத்தின் கடைசி நாளுக்கு முன் உட்கார்ந்து நிரப்பிக் கொடுக்க வேண்டும். போடியில் சி.பி.ஏ. கல்லூரியும் அரசுப் பொறியியல் கல்லூரியும் இருப்பதால் வீட்டிலிருந்தே வந்துபோகலாம் என்பதைத் தாய்மார்கள் பெரிதாக மதிப்பார்கள். வயதுச் சான்றிலும் கை வைக்கவே கூடாது. பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் 17 முதல் 25 வயது வரை இடமிருக்கும்போது, ஒரு வருடம் குறைத்துக் காட்டி எதைச் சம்பாதிக்கப் போகிறோம்?

சேர்ந்தாகிவிட்டது. அடுத்து பலர் அவசரப்பட்டுச் செய்யும் தவறு, முதல் மாதமே அவனை ஆட்டத்தில் இறக்கிவிடுவது. இறக்கினால் ஐந்து நிமிடத்தில் நான்கு ஃபவுல் வாங்கிக்கொண்டு வெளியே வருவான், பார்த்தவர்கள் "பனைமரம்" என்று கேலி செய்வார்கள், மறுவாரம் பயிற்சிக்கு வரமாட்டான். ஒலாஜுவானையே ஹூஸ்டனில் முதல் ஆண்டு (1980-81) ஆட்டத்தில் இறக்காமல் பயிற்சியில்தான் வைத்திருந்தார்கள்.

அதற்கும் முந்தைய உதாரணம் ஜார்ஜ் மைக்கன். ஆறடி பத்து அங்குலம், தடித்த மூக்குக்கண்ணாடி, தடுமாறும் நடை. 1942-இல் சிகாகோவின் டிபால் பல்கலைக்கழகத்தில் பயிற்சியாளராகச் சேர்ந்த ரே மேயர் அவரைக் கயிறு தாண்ட வைத்தார், நிழலோடு குத்துச்சண்டை போட வைத்தார், நடன வகுப்புக்குக்கூட அனுப்பினார். எல்லாம் காலுக்காக. வளையத்துக்கு நேர் கீழே நின்று, வலப்பக்கம் வலக்கையால் ஒன்று, பந்து தரையில் விழுமுன் பிடித்து இடப்பக்கம் இடக்கையால் ஒன்று என்று நூற்றுக்கணக்கில் போட வைத்த பயிற்சிக்கு இன்றும் மைக்கன் பெயர்தான். 1945-இல் டிபால், அமெரிக்கக் கல்லூரி அணிகளுக்கான தேசிய அழைப்புப் போட்டியின் (என்.ஐ.டி.) கோப்பையை வென்றது. மைக்கனும் அவர் காலத்து இன்னொரு நெடியரான பாப் கர்லாண்டும் வளையத்தின் வாயிலேயே பந்துகளைத் தட்டிவிட்டதால், இறங்கும் பந்தைத் தொடக்கூடாது என்று விதியையே 1944-இல் மாற்றினார்கள்.

போடியில் இந்தப் பயிற்சிக்கு ஒரு பந்தும் ஒரு கயிறும் போதும். ஒன்றே ஒன்றை நாள்தோறும் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்: பிடித்த பந்தை இடுப்புக்குக் கீழே இறக்காதே. புதிதாக வரும் ஒவ்வொரு நெட்டையனும் பந்தை முட்டி வரை இறக்குவான், ஐந்தடி ஐந்து அங்குலக்காரன் அதைத் தட்டிக்கொண்டு ஓடிவிடுவான். பல கல்லூரிகளில் களம் சிமென்ட் தரை என்பதால், குதிக்கும் பயிற்சியை வாரத்தில் சில நாட்களோடு நிறுத்தி மற்ற நாட்களில் மண் தரைக்குக் கூட்டிப்போவது முட்டிக்கு நல்லது. ஏழடி ஆறு அங்குல யாவ் மிங்கின் ஆட்ட வாழ்வை முடித்ததே பாத எலும்பு முறிவுகள்தான்.

செலவுக் கணக்கில் மறக்கப்படுவது ஷூ. பன்னிரண்டாம், பதின்மூன்றாம் எண் ஷூ போடிக் கடைகளில் எளிதில் கிடைக்காது. மதுரையில் தேட வேண்டும் அல்லது இணையத்தில் வரவழைக்க வேண்டும். இறுக்கமான ஷூவில் ஓடவிட்டுப் பையன் சோம்பேறி என்று திட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். விடுதிக் கட்டில் ஆறடி. கால் வெளியே தொங்கத் தூங்குகிறவனுக்கு முனையில் ஒரு பெஞ்சைச் சேர்த்துப் போட்டுக் கொடுக்கலாம். சாப்பாட்டில் இரண்டாம் முறை சோறு கேட்டால் மெஸ் மாஸ்டர் முறைக்கக்கூடாது என்று முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும். முட்டை, கடலை, பால், வாரம் இருமுறை கறி என்பதே போதும், ஜிம்காரர் விற்கும் பவுடர் டப்பாக்களைக் கிட்டே விடக்கூடாது. சத்னாம் சிங்கே ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கி 2020 டிசம்பரில் இரண்டாண்டுத் தடை வாங்கினார்.

இரண்டாம் ஆண்டில் பையன் ஆடத் தொடங்கியதும் தொலைபேசி அழைப்புகளும் வரத் தொடங்கும். சென்னையிலும் கோவையிலும் உள்ள பெரிய கல்லூரிகள் முழு விடுதி, முழுக் கட்டணம், நல்ல மரத்தரைக் களம் என்று கூப்பிடும். இளங்கலையை நடுவில் விட்டுப் போனால் படிப்பு அறுந்துபோகும் என்பதை மட்டும் வீட்டாரிடம் சொல்லி, முடித்துவிட்டு முதுகலைக்கு அங்கே போகட்டும் என்று தானே முன்னின்று பேசிக் கொடுக்கும் பயிற்சியாளருக்கு நஷ்டமில்லை. அவன் தம்பி எட்டாம் வகுப்பில் இருப்பான். அவனையும் அளந்து நோட்டில் எழுதிக்கொண்டு, தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிகளுக்குக் கோடையில் நடக்கும் மாவட்டத் தேர்வுக்கு இந்த முறையே அனுப்பிவிடலாம். அங்கே போய்ச் சேர்ந்தால், அண்ணனிடம் இல்லாத சான்றிதழ் தம்பியிடம் பிளஸ் டூ முடிக்கும்போது இருக்கும்.